மருந்து வரும் திகதியைச் சொல்லுங்கள்

இலங்கை அரச ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இரத்தத்தால் தொற்றி ஈரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் சி நோய் வந்த எங்கள் நிலைமை உங்களுக்குப் புதிதல்ல. கிளினிக் டொக்டர்மார் ஏற்கெனவே எழுதி அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். அதனால் நோயைப் பற்றி விளக்க நான் வரவில்லை. போன கிளினிக்கிலும் "மருந்து இன்னும் வரவில்லை, அடுத்த முறை பார்ப்போம்" என்றுதான் சொன்னார்கள். எப்போது வரும் என்று கேட்டேன். "எங்களுக்கே தெரியாது அம்மா" என்றார் அந்த இளம் டொக்டர். அவரைக் கேட்டுப் பயனில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நீங்கள். ஆகவே உங்களிடம் கேட்கிறேன்: மருந்து வரும் திகதியைச் சொல்லுங்கள்.

1988இல் மூத்த மகன் பிறந்தபோது இரத்தப்போக்கு நிற்காமல் எனக்கு இரத்தம் ஏற்றினார்கள். தொற்று அப்போதுதான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இந்தக் கிருமியை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டதே 1989இல். அதற்கு முன் ஏற்றிய இரத்தத்தில் அதைத் தேடிப் பார்க்க உலகத்தில் எங்கேயும் வழி இருக்கவில்லை. அந்த இரத்தம் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு இல்லை. அதற்காக ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். வருடக்கணக்காக ஒரு அறிகுறியும் இல்லாமல் இருந்து, கண் ஒப்பரேஷனுக்கு முன் எடுத்த பரிசோதனையில்தான் தெரியவந்தது. அப்போதிருந்த மருந்து வாரம் ஒரு இன்டர்ஃபெரோன் ஊசியும் தினமும் ரிபாவிரின் மாத்திரையும். விடாத காய்ச்சல், இரத்தச்சோகை, காரணம் இல்லாத அழுகை. என் உடம்பு தாங்காது என்று பாதியில் நிறுத்தினார்கள். "நல்ல மாத்திரை வருகிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்றார்கள். பொறுத்தேன்.

இந்தப் பொறுத்திருத்தல் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரேயொரு விஷயத்தைச் சொல்கிறேன். கடைவாய்ப் பல் ஒன்று சூத்தையாகிப் பிடுங்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. பல் கிளினிக்குக்குப் போனேன். வேறு வருத்தங்கள் உண்டா என்று கேட்டதும் உள்ளதைச் சொன்னேன். இரத்தம் உறையும் ரிப்போர்ட்டையும் கொண்டுபோயிருந்தேன், அதில் குறை ஒன்றும் இல்லை. மற்ற எல்லாரும் முடியும்வரை வாங்கில் இருக்கச் சொன்னார்கள். எல்லாரும் போனபிறகு, "அந்த மருந்தை முடித்துவிட்டு வாருங்கள், பிறகு பிடுங்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். மருந்து இல்லை, அதனால் பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது. வலிக்கிறதே என்று கண்ட மாத்திரையும் போட முடியாது. ஈரல் நார்ப்பிடித்திருப்பதால் பனடோலைக்கூட அளவோடுதான் போடச் சொல்லியிருக்கிறார்கள். கராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்து வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருக்கிறேன். சோற்றைக் குழைத்து ஒரு பக்கத்தால் விழுங்குகிறேன்.

அதே கதிரையில் அன்றைக்கு உட்கார்ந்தவர்களில் யாருக்கெல்லாம் இந்தக் கிருமி இருக்கிறதோ, அவர்களுக்கே தெரியாது. அதனால்தான் பல் பிடுங்கும் கருவிகளை ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே மாதிரிக் கிருமி நீக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த விதியைக் கடைப்பிடித்தால் என்னைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கடைப்பிடிக்காவிட்டால், என்னை அனுப்பிவிடுவதால் மற்றவர்களுக்கு என்ன பாதுகாப்பு? தெரியாமல் வந்தவருக்குப் பல் பிடுங்கினார்கள். அடுத்தவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வாய்திறந்து சொன்னவளைத் திருப்பி அனுப்பினார்கள். இது எனக்கு ஆறவில்லை.

மருந்தே இல்லாத நோய் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நாங்கள் காத்திருக்கும் சொஃபொஸ்புவிர் மாத்திரை 2013 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது ஒரு மாத்திரை 1,000 டொலர், 12 வாரத்துக்கு 84,000 டொலர். அந்த விலைக்கு வாங்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மறுவருடமே இந்தியக் கம்பனிகளுக்கு அதைத் தயாரிக்க உரிமம் கிடைத்து, விலை பல மடங்கு இறங்கிவிட்டது. 2015இல் சொஃபொஸ்புவிரும் டக்லட்டஸ்விரும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. இரண்டையும் சேர்த்து 12 வாரம் விழுங்கினால் 100 பேரில் 95 பேருக்குக் குணமாகும் என்கிறார்கள். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, கம்பனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கினால் ஏழை நாட்டுக்கும் மருந்து கட்டுப்படியாகும் என்று காட்டிய பேராசிரியர் சேனக பிபிலே பிறந்த நாடு இது. நாங்கள் கேட்பதும் அந்த வழியைத்தான்.

தாமதம் என்றால் வெறும் காத்திருப்பு அல்ல. ஈரல் நார்ப்பிடித்து இறுகி, சிரோசிஸ் என்ற நிலைக்குப் போனபிறகு கிருமியை ஒழித்தாலும் புற்றுநோய்ப் பயம் முழுதாகப் போகாது. அதற்கு முன் குடிக்க வேண்டிய மருந்து இது. அதனால்தான் திகதி கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூலை 28 உலக ஹெப்பட்டைட்டிஸ் தினத்துக்கு எங்கள் கிளினிக் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். 1987 தொடக்கம் தமிழும் அரசகரும மொழி. கிராண்ட்பாஸிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருகிற எத்தனையோ பேர் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறோம். ஒன்றாகச் சாப்பிட்டால், கட்டிப்பிடித்தால் இந்த நோய் தொற்றாது என்று தமிழில் நாலு வரி இருந்திருந்தால், எங்களில் பலருக்கு வீட்டில் தனிக் கோப்பை வைத்திருக்கமாட்டார்கள். சரி, அது வேறு பகுதியினரின் வேலை என்று நீங்கள் சொல்லலாம். அதைத் தனியாக எழுதுகிறேன்.

உங்களிடம் நான் பணிவாகக் கேட்பது இதுதான். மருந்துக்கு ஓடர் போயிருக்கிறதா, எந்த மாதம் வரும் என்று ஒவ்வொரு கிளினிக்குக்கும் எழுத்தில் அறிவியுங்கள். ஆறு மாதம் ஆகும் என்றால் ஆறு மாதம் என்றே எழுதுங்கள், தாங்கிக்கொள்வோம். முதல் தொகுதி குறைவாக வந்தால் சிரோசிஸ் வரை போனவர்களுக்கு முதலில் கொடுங்கள். நான் பிறகு வாங்கிக்கொள்கிறேன். ஆனால் திகதியைச் சொல்லுங்கள். அதை மூன்று மொழியிலும் எழுதி, நம்பர் எடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டச் செய்யும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கிளினிக் நோயாளி