இஸ்லாமாபாத்தில் காலியாக இருக்கும் நாற்காலி

வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2025 மே 10 அன்று பிற்பகல் 3.35 மணிக்கு பாகிஸ்தானின் டிஜிஎம்ஓ, அதாவது அவர்களது ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர், நம் டிஜிஎம்ஓவை ஹாட்லைனில் கூப்பிட்டார். மாலை 5 மணிக்குச் சண்டையை நிறுத்திக்கொள்வது என்று முடிவானது. அன்றிரவே அதை மீறினார்கள். 12-ஆம் தேதி இருவரும் மறுபடியும் பேசினார்கள். அவர்களைப் போனை எடுக்க வைத்தது நம் விமானப்படை. அதை மறுக்க நான் வரவில்லை. காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகளை மதம் கேட்டுச் சுட்டவர்களுக்கும் அவர்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கும் கண்டனத் தீர்மானம் மட்டும் போதும் என்று சொல்பவனும் நான் இல்லை. 26 உயிர் போயிருக்கிறது. அடித்தது சரி.

நான் கேட்பது வேறு. ராணுவத்துக்கு ராணுவம் பேசிக்கொள்ள 1971-லிருந்து ஒரு லைன் இருக்கிறது. அரசுக்கு அரசு பேசிக்கொள்ள என்ன மிச்சம் வைத்திருக்கிறோம்?

2019 ஆகஸ்டில் பாகிஸ்தான் தூதரக உறவைக் குறைத்து நம் ஹை கமிஷனரை, அதாவது நம் தூதரை, வெளியேற்றிய பிறகு இஸ்லாமாபாத்தில் நமக்கு ஹை கமிஷனர் இல்லை. பொறுப்பு அதிகாரி ஒருவர்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறார். 2020 ஜூனில் ஊழியர்களைப் பாதியாக்கி 55-க்குக் கொண்டுவந்தோம். 2025 ஏப்ரலில் அதை 30 ஆக்கி, தூதரகத்தில் இருந்த முப்படை ஆலோசகர்களையும் திரும்ப அழைத்துக்கொண்டோம். டெல்லியில் அவர்கள் பக்கமும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு முறை கோபம் வரும்போதும் முதலில் கை வைப்பது இதில்தான், ஏனென்றால் செலவில்லாத தண்டனை இது. மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வரும். ஆனால் பாகிஸ்தான் ராணுவத் தலைமையகமான ரவுல்பிண்டியில் உட்கார்ந்திருக்கும் எந்தத் தளபதிக்கு இதனால் ஒரு வேளைத் தூக்கம் கெட்டது?

நமக்குக் கெடும். எப்படி என்று சொல்கிறேன்.

2022 மார்ச் 9 அன்று மாலை நம் பக்கத்திலிருந்து ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பிவிட்டது. சில நிமிடங்களில் பாகிஸ்தானுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், பஞ்சாப் மாகாணத்தின் மியான் சன்னு பக்கத்தில் விழுந்தது. வெடிபொருள் இல்லாத ஏவுகணை, யாரும் சாகவில்லை. ஆனால் கிளம்பி வரும் ஏவுகணைக்குள் என்ன இருக்கிறது என்று ரேடார் பார்ப்பவருக்குத் தெரியாது. அணுகுண்டு வைத்திருக்கும் இரண்டு நாடுகள். நம் அரசு வாய் திறந்து, பராமரிப்பின்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று ஒப்புக்கொண்டது மார்ச் 11 அன்றுதான். இடையில் இரண்டு நாள். அதே ஆண்டு ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அன்று தப்பித்தோம் என்றால் அதற்கு ஒரு காரணம், 2021 பிப்ரவரி 25-இல் இரு டிஜிஎம்ஓக்களும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை. 2020-இல் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அத்துமீறல்கள் என்று நம் அரசே கணக்குச் சொன்ன எல்லை, அந்த அறிக்கைக்குப் பிறகு அடங்கிக் கிடந்தது. இஸ்லாமாபாத்தில் நம் பொறுப்பு அதிகாரியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். சத்தம் போடவாவது கூப்பிடுவதற்கு ஓர் ஆள் இருந்தார். அதே ஏவுகணை 2025 மே 9 இரவு தவறிப் போயிருந்தால்? இந்தக் கேள்வியை நீங்கள் அமைச்சக அதிகாரிகளிடம் குழு அறையில் நேருக்கு நேர் கேட்க வேண்டும்.

இன்னொரு பழைய கதை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு தூதரைத் திரும்ப அழைத்தோம், ஐந்து லட்சத்துக்குக் குறையாத படையை எல்லைக்கு அனுப்பினோம். பத்து மாதம் நின்றார்கள். போர் வரவில்லை, ஆனாலும் புதைத்த கண்ணிவெடியிலும் விபத்திலும் நம் வீரர்களே நூற்றுக்கணக்கில் செத்தார்கள். 2003-இல் இரு தரப்பும் மறுபடியும் தூதர்களை நியமித்தன. அதே ஆண்டு நவம்பரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் சண்டை நிறுத்தம் வந்தது. ஒன்று மற்றதைக் கொண்டுவந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தூதர் போனதால் நாடு தலைகுனிந்துவிட்டது என்று அன்றைக்கு வாஜ்பாய் அரசில் யாரும் புலம்பவில்லை.

கார்கிலையும் மறக்க வேண்டாம். எங்கள் திருச்சிக்காரர் மேஜர் சரவணன் படாலிக்கில் 1999 மே மாதம் விழுந்தார். அடுத்த சில நாட்களிலேயே, ஜூன் 12 அன்று, பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் சர்தாஜ் அஜீஸ் டெல்லிக்கு வந்தார். வெறுங்கையோடு திரும்பினார். மலையில் சண்டை தொடர்ந்தது, ஜெயித்தோம். வந்தவரிடம் முகத்துக்கு நேரே "முதலில் இறங்கிப் போ" என்று சொல்ல முடிந்ததே, அதுவும் ராஜதந்திரம்தான். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வை அங்கே கெஞ்சிக்கொண்டா நின்றாள்?

"பேசினால் முதுகில் குத்துகிறான்" என்பார்கள். உண்மை. 2015 டிசம்பர் 25 அன்று பிரதமர் மோடி பாகிஸ்தானின் லாகூரில் இறங்கினார். ஒரு வாரம் கழித்து நம் பதான்கோட் விமானப்படைத் தளத்தில் தாக்குதல். அதனால்தான் நான் உச்சி மாநாடு கேட்கவில்லை, கிரிக்கெட் கேட்கவில்லை, கட்டிப்பிடிக்கச் சொல்லவில்லை. பயங்கரவாதமும் பேச்சுவார்த்தையும் ஒன்றாகப் போகாது என்ற அரசின் நிலைப்பாடு அப்படியே இருக்கட்டும். தூதர் என்பவர் பேச்சுவார்த்தை அல்ல. எதிரி நாட்டில் காது வைத்திருக்கும் ஆள் அவர். எந்தத் தளபதி யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார், எந்த அமைச்சர் பேச்சு வெறும் பேச்சு என்று விருந்து மேசையில் மோப்பம் பிடித்து டெல்லிக்கு எழுதுகிறவர். முப்பது பேர் இருக்கும் அலுவலகத்தில் விசா, காவல், சமையல் போக இதற்கு எத்தனை பேர் தேறுவார்கள்?

கடைசியாக மீனவர்கள். தமிழ்நாட்டுக்காரனுக்கு இது தனியாக விளக்க வேண்டியதில்லை. குஜராத் கடலில், சர் கிரீக் என்ற கழிமுகத்தின் பக்கம், எல்லைக்கோடே தீராத தகராறு. அதைத் தாண்டினார்கள் என்று அவர்கள் பிடித்துக்கொண்டுபோன நம் மீனவர்கள் 193 பேர் தங்கள் காவலில் இருப்பதாக 2025 ஜூலை 1 அன்று பாகிஸ்தான் பட்டியல் கொடுத்தது. நாமும் நம்மிடம் இருப்பவர்களின் பட்டியலைக் கொடுத்தோம். சண்டை ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதபோது! 2008 உடன்பாட்டின்படி ஆண்டுக்கு இரண்டு முறை நடப்பது அது. அணு நிலையங்களின் பட்டியலும் 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் கைமாறுகிறது, கார்கில் முடிந்த அடுத்த ஜனவரியிலும். ஆனால் இந்தக் கைதிகளுக்காக 2007-இல் அமைத்த இருநாட்டு நீதிபதிகள் குழு 2013-க்குப் பிறகு சிறைகளுக்குப் போகவில்லை.

உங்கள் அடுத்த அறிக்கையில் மூன்று பரிந்துரைகளைச் சேருங்கள். இஸ்லாமாபாத்தில் நாமும் டெல்லியில் அவர்களும் முழு அந்தஸ்துள்ள ஹை கமிஷனரை ஒரே நாளில் நியமிக்கும் ஏற்பாட்டை அரசு முன்வைக்கட்டும். முப்படை ஆலோசகர்களில் ஒருவரையாவது மறுபடியும் அங்கே அனுப்பட்டும். நீதிபதிகள் குழு மறுபடியும் சிறைக்குப் போகட்டும். அரசு மறுத்தால், என்ன காரணம் சொல்லி மறுத்தது என்பதை அதே அறிக்கையில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
திருச்சி வாக்காளர் ஒருவர்