உழைப்பைப் புகழ்ந்தது போதும், படிவத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்தில் அமெரிக்காவில் குடியேறிகளின் சிறு உணவகங்கள் பட்ட பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். எழுதியவரின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குடும்பமே தோள் கொடுத்து இரவு பகலாக உழைத்ததால் கடை தப்பியது என்று கட்டுரையை முடித்திருந்தது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். என்னிடம் வரும் கடைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட உணவகங்கள்தான். உழைப்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. அப்படியிருந்தும் சில கடைகள் மூடப்பட்டன, சில தப்பின. இதற்கான விடை உழைப்பில் இல்லை. உதவிப் பணத்தை அரசு எப்படிக் கணக்கிட்டது என்பதில் இருக்கிறது. கட்டுரை அதைத் தொடவேயில்லை.

மிச்சிகன் மாநிலத்தில் 2020 மார்ச் 16 பிற்பகல் 3 மணியோடு உணவகங்களுக்குள் அமர்ந்து சாப்பிடுவது தடை செய்யப்பட்டது. ஜூன் 8இல் பாதி இருக்கைகளோடு திறந்தார்கள். நவம்பர் 18இல் மறுபடியும் மூடினார்கள். 2021 பிப்ரவரி 1இல் கால்வாசி இருக்கைகளுக்கு அனுமதி கிடைத்தது. இருக்கைதான் பாதியானதும் காலானதும். வாடகை முழுசாகவே இருந்தது. பார்சலை நம்பலாம் என்றால், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகள் பில் தொகையில் முப்பது சதவீதம் வரை எடுத்துக்கொண்டன. உணவகத் தொழிலில் லாபம் என்று மிஞ்சுவது எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு, அந்த முப்பது போனபின் என்ன இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

உதவி வந்தது உண்மை. ஊதியப் பாதுகாப்புக் கடன் திட்டம் 2020 ஏப்ரல் 3இல் தொடங்கியது. ஒதுக்கிய 34,900 கோடி டாலரும் ஏப்ரல் 16க்குள் தீர்ந்துவிட்டது. ஊழியர்களுக்கு மாதம் சராசரியாக எவ்வளவு சம்பளம் கொடுத்தீர்களோ, அதன் இரண்டரை மடங்கு கடனாகக் கிடைக்கும்; பெரும்பகுதியைச் சம்பளத்துக்கே செலவிட்டால் கடன் தள்ளுபடி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடும்பமாக நடத்தும் கடையில் சம்பளப் பட்டியல் என்று என்ன இருக்கும்?

என்னிடம் கணக்குக் கொடுக்கும் ஒரு வியட்நாமியக் குடும்பத்தைச் சொல்கிறேன். தந்தை 1980களில் படகில் தப்பி வந்த அகதி. எண்பத்து மூன்றுக்குப் பிறகு ஊரைவிட்டு ஓடிவந்த நம் ஈழத்து உறவுகளின் கதையை அறிந்த உங்கள் வாசகர்களுக்கு அந்த வாழ்க்கையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விடியும் முன்பே எலும்புச் சாறு கொதிக்க வைப்பது அம்மா. கீரை ஆய்வதும் துளசி கிள்ளுவதும் பாட்டி. கல்லூரியில் படிக்கும் மகன் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கணினியில் வகுப்பைக் கேட்டுக்கொண்டே பார்சல் கட்டுவான். சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் பாத்திரம் கழுவும் ஒருவரும் பரிமாறும் ஒருவரும் மட்டும். படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது அந்தப் பையன் என்னிடம் கேட்டான்: "அம்மாவை எந்த வரியில் எழுதுவது?" அவருக்கு அதில் வரி இல்லை. கடை தந்தையின் பெயரில் தனிநபர் தொழிலாக இருந்தது. அப்படிப்பட்ட கடைகளும் ஏப்ரல் 3 முதலே விண்ணப்பிக்கலாம். ஆனால் உரிமையாளரான தந்தைக்கென்று கணக்கில் வந்தது முந்தைய ஆண்டின் நிகர லாபம் மட்டுமே. எல்லாச் செலவும் போக மிஞ்சிய அந்தச் சிறு தொகையை வைத்துக் கணக்கிட்டால் கடன் எவ்வளவு வரும்? நிகர லாபத்துக்குப் பதில் மொத்த வருமானத்தை வைத்துக் கணக்கிடலாம் என்று விதி மாறியது 2021 மார்ச்சில்தான். அதற்குள் அதே தெருவில் இருந்த தாய்லாந்துக் குடும்பத்தின் கடை காலியாகிவிட்டது. அங்கேயும் மனைவியும் மாமியாரும்தான் சமையல்.

இதே திட்டத்தில், ஓர் இடத்தில் 500 பேருக்கு மேல் இல்லாவிட்டால் போதும் என்ற சலுகையால் கிளை கிளையாக நடத்தும் நிறுவனங்களும் உள்ளே வந்தன. ஷேக் ஷாக் நிறுவனம் 1 கோடி டாலர் பெற்று, கண்டனம் எழுந்தபின் திருப்பிக் கொடுத்ததைப் பலரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

இனி நிறவெறி பற்றி. கட்டுரையில் அதைத் தனிப்பட்ட சிலரின் கெட்ட குணம் போலச் சொல்லியிருந்தார்கள். கெட்ட குணம்தான். ஆனால் அதற்கு எதிரே இந்தக் குடும்பங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது எது? 2020 ஜூலையில் மிச்சிகனில், முகக்கவசம் போட மறுப்பவருக்குக் கடைக்காரர் சேவை தரக்கூடாது என்று உத்தரவு வந்தது. மருத்துவ ரீதியாக அது சரியான உத்தரவு. ஆனால் அதை வாசலில் நின்று அமல்படுத்தும் வேலை, ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசும் ஒரு அம்மாவின் தலையில் விழுந்தது. அந்த ஆண்டு மே 1 அன்று ஃபிளின்ட் நகரில் ஒரு மலிவு விலைக் கடையின் காவலாளி முகக்கவசத் தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதைத் தெரிந்துகொண்டேதான் அந்த அம்மா வாசலுக்கு வந்து, "தயவுசெய்து முகத்தை மூடிக்கொள்ளுங்கள்" என்பார். சிலர் போட்டுக்கொள்வார்கள். சிலர் அவர் முகத்துக்கு நேரே வேண்டுமென்றே இருமிவிட்டு, "இதை எங்களுக்குக் கொண்டுவந்ததே நீங்கள்தானே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 2021 மார்ச்சில் டெக்ஸாஸ் ஆளுநர் முகக்கவச விதியை நீக்கியதைத் தொலைக்காட்சியில் விமர்சித்த சான் அன்டோனியோ நூடுல்ஸ் கடைக்காரருக்கு, சில நாளில் கடைச் சுவரெங்கும் சீனாவுக்குத் திரும்பிப் போ என்றும் செத்துப் போ என்றும் சாயத்தில் எழுதிவைத்தார்கள். அதே வாரம் அட்லாண்டாவில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்கள்.

இங்கே நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "அது சீனர்கள் மேல் உள்ள கோபம், நமக்கென்ன" என்று தமிழர்கள் பேசிக் கேட்டு நான் வெட்கப்பட்டிருக்கிறேன். 1982இல் இதே டெட்ராய்ட் வட்டாரத்தில், ஜப்பான் கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரத்தில் அடித்துக் கொல்லப்பட்ட வின்சென்ட் சின் ஜப்பானியர் அல்லர், சீன வம்சாவளியினர். கொன்றவர்களுக்கு மாநில நீதிமன்றம் கொடுத்தது நன்னடத்தைக் காவலும் 3,000 டாலர் அபராதமும். 2001 செப்டம்பரில் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின், முஸ்லிம் என்று தவறாக எண்ணி அரிசோனாவில் சுட்டுக் கொல்லப்பட்ட பல்பீர் சிங் சோதி ஒரு சீக்கியர். அடிக்க வருகிறவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை.

2021இல் உணவகங்களுக்கென்றே 2,860 கோடி டாலர் நிதி ஒதுக்கினார்கள். இதில்தான் முதன்முறையாகக் கணக்கு சரியாக இருந்தது. 2019இன் விற்பனையிலிருந்து 2020இன் விற்பனையைக் கழித்து, முன்பு வாங்கிய கடனையும் கழித்து, மீதியைக் கொடுத்தார்கள். விற்பனை என்று வந்ததும் அம்மாவின் உழைப்பும் பாட்டியின் உழைப்பும் தாமாகவே கணக்குக்குள் வந்துவிட்டன. பெண்கள், முன்னாள் படைவீரர்கள், சமூகத்தில் பின்தங்கிய பிரிவினர் ஆகியோரின் கடைகளுக்கு முதல் 21 நாள் முன்னுரிமை. மே 3இல் விண்ணப்பம் திறந்தது. அன்றே அந்தப் பையன் அனுப்பிவிட்டான். பணம் வந்தது, கடை இன்றும் நடக்கிறது.

ஆனால் டென்னசியைச் சேர்ந்த வெள்ளையின உணவக உரிமையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், இன அடிப்படையில் முன்னுரிமை தருவது செல்லாது என்று மே 27 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. டெக்ஸாஸிலும் இப்படி வழக்கு நடந்தது. விளைவு, பணம் உறுதி என்று ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்த 2,965 கடைகளுக்கு இனி கிடையாது என்று கடிதம் போனது. பந்தியில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, சோறு வரும் நேரத்தில் கையைப் பிடித்து எழுப்பியது போல. சட்டத்தின் முன் நிறம் பார்க்கக் கூடாது என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. விண்ணப்பித்தவர்கள் 2,78,000க்கும் மேல். பணம் கிடைத்தது ஏறக்குறைய 1,01,000 பேருக்கு. எல்லாருக்கும் போதுமான அளவு ஒதுக்கியிருந்தால் யார் முன்னே, யார் பின்னே என்ற வழக்குக்கே இடமிருந்திருக்காது. 2022 மே மாதம் கூடுதல் நிதிக்கான மசோதா செனட்டில் 52 ஓட்டுப் பெற்றும், தேவையான 60 கிடைக்காமல் நின்றுபோனது. ஏமாந்தவர்களில் வெள்ளையர்களும் இருந்தார்கள், குடியேறிகளும் இருந்தார்கள்.

தாய்லாந்துக் குடும்பத்தாரின் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று எந்தக் கட்டுரையாளரும் எழுதமாட்டார். ஆனால் தப்பியவர்களை உழைப்பால் தப்பியவர்கள் என்று எழுதும்போது, மூடியவர்களைப் பற்றிச் சொல்லாமல் சொல்வது அதைத்தான். அடுத்த முறை இப்படி ஒரு குடும்பத்தைச் சந்திக்கும் உங்கள் செய்தியாளர், எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று கேட்பதோடு, எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், வீட்டில் எத்தனை பேருக்குச் சம்பளம் எழுதியிருந்தீர்கள் என்றும் கேட்க வேண்டுகிறேன். உரிமையாளர்கள் சம்மதித்தால், பெயர்களை மறைத்து அந்தப் படிவங்களை வரிவரியாக விளக்கித் தர நான் தயார்.

இப்படிக்கு,
கணக்காளராகப் பணிபுரியும் ஒரு வாசகி,
மிச்சிகன், அமெரிக்கா