51ஆவது பெயரிலிருந்து மார்க் எங்கே போனது?

கோயம்புத்தூர்

அன்புள்ள வளர்மதி,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்கு முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பிளஸ் ஒன் போகிறாள். கணக்கும் கம்ப்யூட்டரும் எடுத்திருக்கிறாள். நான் வாயே திறக்கவில்லை, அவளாக எடுத்த முடிவு. சின்னவன் வழக்கம்போல கிரிக்கெட்தான்.

சரி, பள்ளியில் மார்க் ஏற்ற நீ எழுதிய இணையப் பக்கத்தின் விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் 56 பேர், ஆளுக்கு 20 பெட்டி, எல்லாம் ஒரே பக்கத்தில், கீழே ஒரு 'சேமி' பட்டன். அழுத்தினால் பச்சை எழுத்தில் 'சேமிக்கப்பட்டது' என்று வருகிறது. அப்புறம் திறந்து பார்த்தால் முதல் 50 பேருக்கு மட்டும்தான் மார்க் இருக்கிறது. தலைமை ஆசிரியர் உன் தட்டச்சைச் சந்தேகப்படுகிறார், நீ டேட்டாபேஸைச் சந்தேகப்படுகிறாய். இரண்டின் மேலும் குற்றமில்லை. 56ஐ 20ஆல் பெருக்கிப் பார்: 1120. நீ புரோகிராம் எழுதியிருக்கிற பிஎச்பி மொழி ஒரு ஃபார்மிலிருந்து வாங்கிக்கொள்வது, நாமாக மாற்றாதவரை, 1000 பெட்டிதான். 'மேக்ஸ் இன்புட் வார்ஸ்' என்று ஒரு அமைப்பு அதைத் தீர்மானிக்கிறது. மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல உன் புரோகிராமை ஓடவிடும். பிழைகளைக் குறித்துவைக்கும் எர்ரர் லாகில் ஒரு வரி எச்சரிக்கை விழுந்திருக்கும். அதைத் தினமும் யார் திறந்து பார்க்கிறார்கள்?

அது ஏன் 1000 என்று கேட்பாய், உன்னைத் தெரியாதா. 2011 டிசம்பர் கடைசியில் பெர்லினில் நடந்த கேயாஸ் என்ற ஹேக்கர்கள் மாநாட்டின் 28ஆவது கூட்டத்தில் அலெக்சாண்டர் கிளிங்க், ஜூலியன் வெல்டே என்று இரண்டு பேர் ஒரு தாக்குதலை விளக்கினார்கள். ஃபார்மில் வரும் ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் சர்வர் ஒரு ஹாஷ் டேபிளில் வைக்கிறது. சாவிகளைக் கொக்கி வாரியாக மாட்டுகிற பலகை மாதிரி என்று வைத்துக்கொள். பெயரைக் கணக்குப் போட்டுப் பார்த்து, எந்தக் கொக்கி என்று முடிவாகும். ஆனால் எல்லாப் பெயரும் ஒரே கொக்கிக்குப் போகிற மாதிரி ஒருவன் பொறுக்கி அனுப்பினால்? புதிதாக வருகிற ஒவ்வொன்றையும் ஏற்கெனவே தொங்குகிற அத்தனையோடும் ஒப்பிட வேண்டும். பெயர்கள் இரண்டு மடங்கானால் வேலை நாலு மடங்காகும். சில எம்பி அளவு ஃபார்ம் ஒன்றே ஒரு சர்வரை நிமிடக்கணக்கில் திணற வைத்துவிடும். பெர்ல் மொழிக்காரர்கள் இதை 2003லேயே கவனித்துச் சரிசெய்திருந்தார்கள். மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். பிஎச்பி 2012 ஜனவரியில், 5.3.9 பதிப்பில், ஆயிரத்தோடு நிறுத்து என்று ஒரு வேலி போட்டது.

பிஎச்பி மாதிரியே இணையதளம் கட்டப் பயன்படும் ஏஎஸ்பி டாட் நெட்டும் அதே 1000தான் வைத்தது. பின்னால் அதே வகையான ஜாங்கோவும் 1000 என்றே வைத்தது. ஆனால் இந்த இரண்டும் அளவு மீறினால் மொத்த ஃபார்மையும் வாங்க மறுத்துப் பிழை காட்டும். பிஎச்பி மட்டும்தான் பாதியை வாங்கிக்கொண்டு தலையாட்டுகிறது. எனக்கு எரிச்சல் அந்த எண்ணின் மேல் இல்லை, இந்தத் தலையாட்டலின் மேல்தான். மார்க் பட்டியலில் பாதி வந்ததைவிட ஒன்றுமே வராமல் இருந்திருந்தால் அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் 1000ஐ 5000 ஆக்கிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடாதே. இப்போதைக்கு ஆக்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஃபார்மின் கடைசியில், 'சேமி' பட்டனுக்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி வை. மதிப்பு என்னவாக இருந்தாலும் சரி. பிரவுசர் பக்கத்தில் இருக்கிற வரிசையில்தான் அனுப்பும். அந்தக் கடைசிப் பெட்டி வந்து சேரவில்லை என்றால் நடுவில் ஏதோ அறுந்துவிட்டது என்று அர்த்தம். எதையும் சேமிக்காமல் சிவப்பு எழுத்தில் சொல்லிவிடலாம். நேரம் கிடைக்கும்போது, ஒரு மாணவியின் வரியை முடித்து அடுத்ததற்குப் போனதுமே அந்த 20 பெட்டி மட்டும் பின்னணியில் போய்ச் சேருகிற மாதிரி மாற்றிவிடு. கரண்ட் போனாலும் போவது ஒரு வரிதான். உங்கள் ஊரில் இது சாதாரண லாபம் இல்லை.

'ஆசிரியர் கருத்து' பத்தியின் முன்னோட்டம் 414, அதாவது 'முகவரி மிக நீளம்', என்று நிற்பது வேறு கதை. அந்த முன்னோட்டத்தை நீ கெட் முறையில் அனுப்புகிறாய், அதனால் எழுதியது முழுக்க முகவரியிலேயே போகிறது. தமிழுக்கு அது கட்டுப்படியாகாது. எழுத்துகளைக் கம்ப்யூட்டர் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியோடு சேர்த்து 3 எழுத்தாகும். 'தமிழ்' என்பதில் மெய்ப்புள்ளி, இகரக் கொம்பு எல்லாம் சேர்த்து 5 குறி, ஆக 45 எழுத்து. சர்வரில் ஓடும் அப்பாச்சி மென்பொருள், முகவரி வருகிற முதல் வரிக்கு ஒதுக்கியிருப்பதோ 8190 பைட். ஏறக்குறைய 900 குறியில் தீர்ந்துவிடும். நீயோ ஒரு பிள்ளையைப் பாராட்ட ஆரம்பித்தால் நிறுத்துகிற ஆள் இல்லை. எழுதியதை முகவரியில் வைக்காமல் தனியாக அனுப்பும் போஸ்ட் முறைக்கு மாற்று. அங்கேயும் வழக்கமான முறையில் இதே மூன்று மடங்கு உப்பல் உண்டு என்றாலும் முட்டி நிற்காது. ஒவ்வொரு பெட்டியையும் தனிப் பகுதியாகப் பிரித்து அனுப்பும் மல்டிபார்ட்டில் அந்த உப்பலும் கிடையாது. ஆனால் மார்க் ஃபார்முக்கு மல்டிபார்ட் வேண்டாம்: இரண்டு இலக்க எண் ஒவ்வொன்றுக்கும் முன்னால் எல்லைக் கோடு, தலைப்பு என்று நூறு பைட்டுக்கு மேல் சுமந்துகொண்டு போகும்.

அடையாள அட்டைப் போட்டோக்களை எழுத்தாக மாற்றி, ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவுக்குள் திணிக்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அது வேண்டவே வேண்டாம். அப்படி எழுத்தாக மாற்றும் பேஸ் 64 முறையில் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். ஃபைலாகவே அனுப்பு. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் இருந்தால் அது, நாமாக மாற்றாதவரை, 1 எம்பிக்கு மேல் போனால் 413, அதாவது 'அளவு பெரிது', என்று திருப்பி அனுப்பும். அதைத் தாண்டினால் பிஎச்பியில் ஃபைலுக்கு 2 எம்பி, மொத்தம் 8 எம்பி, ஒரு தடவைக்கு 20 ஃபைல். அந்த 8ஐ மீறினால் போஸ்ட் முழுக்க காலியாக வரும், இங்கேயும் சத்தமில்லாமல். இந்த எண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டே போவதைவிட பிரவுசரிலேயே படத்தைச் சுருக்கிவிட்டு அனுப்பு. தபால் தலை அளவு படத்துக்கு 4 எம்பி எதற்கு?

அந்தக் கடைசிப் பெட்டியை முதலில் செய். காலாண்டு மார்க் ஏற்றும்போது 'சேமிக்கப்பட்டது' என்ற பச்சை எழுத்தைச் சும்மா காட்டாமல், எத்தனை பேருடையது சேமிக்கப்பட்டது என்ற எண்ணோடு காட்டு. தலைமை ஆசிரியருக்கும் வாய் மூடும்.

காலாண்டு விடுமுறைக்குக் குற்றாலம் வரலாம் என்று இவர் சொல்கிறார். அப்போது தண்ணீர் விழுமா, இல்லை வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா? விசாரித்து எழுது. அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கலா