மக்கிவிடுவதில்தான் சிக்கலே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இ20 பெட்ரோல், அதாவது கரும்பிலிருந்தும் எடுக்கிற எத்தனால் என்ற ஆல்கஹாலை 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பற்றிய கட்டுரை படித்தேன். மைலேஜ் குறைவது, ரப்பர் குழாய் கெடுவது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: "எத்தனால் மண்ணில் சீக்கிரமே மக்கிவிடும், அதனால் கசிந்தாலும் நிலத்தடி நீருக்குக் கவலையில்லை." முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி அதிலிருந்து எப்படி வந்தது? 31 வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இது உங்களுக்கும் தெரிந்த பாடமாகத்தான் இருக்கும்.

பெட்ரோலில் நாம் பயப்பட வேண்டியது பென்சீன். இரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிரிகள் அதை மெல்ல மெல்லத் தின்று தீர்க்கும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும், அது தீர்ந்தால் அதற்குப் பதிலாக நீரில் கரைந்திருக்கும் நைட்ரேட், சல்பேட். கூடவே எத்தனாலும் வந்தால், பந்தியில் பிள்ளைகள் ஜாங்கிரியை முதலில் எடுப்பதுபோல அவை எத்தனாலைத்தான் முதலில் எடுக்கும். ஒரு கிராம் எத்தனால் சிதைய இரண்டு கிராமுக்கு மேல் ஆக்சிஜன் செலவாகும். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். பென்சீனின் முறை வரும்போது மிச்சம் என்ன இருக்கும்? அது தண்ணீரோடு நகர்ந்து அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போய்விடும். போதாததற்குத் தீப்பிடிக்கிற மீத்தேன் வாயு வேறு உண்டாகும்.

கலிபோர்னியாவில் ஒரு பழைய பெட்ரோல் பங்க் இருந்த இடத்திலேயே இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடம், இரண்டிலும் நிலத்தடி நீரில் பென்சீன் விட்டார்கள், ஒன்றில் மட்டும் கூடவே எத்தனால். ஒன்பது மாதம் பார்த்தார்கள். எத்தனால் இல்லாத பக்கம், பரவியிருந்த பென்சீன் நன்றாகப் பின்வாங்கியது. எத்தனால் சேர்ந்த பக்கம் மெதுவாக, அதுவும் அவ்வளவு தூரம் இல்லை. உங்கள் கட்டுரையாளர் இதைத் தேடிப் பார்த்திருக்கலாம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பங்க் இருக்கிறது. 2008இல் ஒருநாள் விடியற்காலை அம்மா கிணற்றில் இறைத்த வாளியில் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம். அன்று வடித்த சோற்றில் வாடை. கொட்டிவிட்டோம். புகார் கொடுத்து மூன்று வாரம் கழித்து ஒருவர் வந்தார். குடித்து முடித்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் முக்கால் அளவு பிடித்து, ஸ்கூட்டரில் வெயிலில் மாட்டிக்கொண்டு போனார். பென்சீன் ஆவியாகிற பொருள், அப்படி எடுத்தால் வழியிலேயே போய்விடும் என்று வாசலில் நின்றே சொன்னேன். "டீச்சர், நாங்க பாத்துக்கறோம்" என்றார். உப்பு, கடினத்தன்மை, கிருமி மட்டும் பார்த்து, குடிக்க உகந்தது என்று அறிக்கை வந்தது. இதையெல்லாம் அப்போதே உங்களுக்கு எழுதினேன். பதிலில்லை.

கிணற்றை மூடினோம். மண்ணே சரிசெய்துவிடும், காத்திருங்கள் என்றார்கள். ஏழு வருடத்தில் வாடை போனது. ஆனால் அன்றைய பெட்ரோலில் எத்தனால் அதிகம் போனால் 5 சதவீதம். இன்று 20. அதே பங்க். இப்போது கசிந்தால் அந்த ஏழு வருடக் கணக்கு செல்லுமா?

2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டுத் தண்ணீரில் எண்ணெய் வந்தபோது நீங்களும் படம் போட்டீர்கள். அப்புறம் அந்தத் தெருப் பக்கம் போனீர்களா என்று தெரியவில்லை. வண்டிக்கு வருகிற கெடுதலை மாதம் ஒருமுறை எழுதுகிறீர்கள். குடிக்கிற தண்ணீருக்கு ஒரு வரி, அதுவும் தப்பாக.

கரும்பு விவசாயிக்கு நாலு காசு கிடைப்பதை நான் எதிர்க்கவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். பங்க் பக்கத்தில் குடியிருப்பவர்கள் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தால் பென்சீனும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், கண்ணாடிக் குப்பியில் காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை
(பெயர் வேண்டாம். பங்க்காரர்கள் அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.)