விரல் மையும் விஸ்வேஸ்வரய்யாவும்

ஆசிரியருக்கு,

வாக்காளர் விரலில் வைக்கும் மை எளிதில் அழிகிறது என்கிறார்கள். ஆனால் அதில் இருப்பது சில்வர் நைட்ரேட். தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டுக் கறுத்தபின் சோப்புக்கு மசியாது. எண்ணெய்ப் பசையுள்ள விரலில் பூசினாலோ, காயுமுன் துடைத்தாலோதான் மை சரியாகப் பிடிக்காது. எனவே வாக்குச்சாவடி அலுவலர் வாக்காளரின் இடது ஆள்காட்டி விரலைத் துணியால் துடைத்துவிட்டு, நக நுனியிலிருந்து முதல் மூட்டுவரை கோடிட வேண்டும். பதிவேட்டில் கையெழுத்து அதன் பிறகுதான். அதற்குள் மை காய்ந்துவிடும். வாக்களிக்க அனுப்புமுன் விரலை மறுபடி பார்க்க வேண்டும். குப்பியை மணல் நிரப்பிய கிண்ணத்தில் செருகி வைத்தால் சாயாது.

இந்த மையைத் தயாரிக்கும் மைசூரு ஆலையைத் தொடங்கியவர் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா என்று அவர் கணக்கில் எழுதுவதும் சரியல்ல. அவர் மைசூர் சமஸ்தானத்தின் திவானாக (முதன்மை அமைச்சராக) இருந்தது 1912–18. ஆலை வந்தது 1937-இல், மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில். தேர்தல் மையோ 1962-இல்தான். ஆனால், சமஸ்தானமே தொழிற்சாலை நடத்தலாம் என்று பாதை போட்டதில் அந்தப் பொறியாளருக்குப் பெரும் பங்குண்டு.

– வாசகர், சேலம்