கயிற்றைப் பிடித்திருந்த கைகளுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

ஒன்பது வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களுக்கு ஜெபக்கடிதம் எழுதி வந்தேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் 'உங்கள் ஜெபங்களுக்கு நன்றி' என்று ஒரு வரி இருக்கும். உண்மையைச் சொன்னால், கைப்பழக்கத்தில் எழுதிய வரி அது. இந்த மடலில் விண்ணப்பம் ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியைத்தான் இப்போது ஒழுங்காக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மிஷனரியாக ஊழியம் செய்த பணித்தளத்திலிருந்து நாங்கள் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. வந்த புதிதில் காய்ச்சல் நின்றிருந்தது, மற்றபடி எதுவும் சரியாக இல்லை. வேதத்தைத் திறந்தால் பிரசங்கக் குறிப்புதான் கண்ணில் படும். ஜெபிக்க முழங்காலிட்டால் தூக்கம் வரும், படுத்தால் வராது. போன் அடித்தால், அங்கே யாருக்கு என்ன ஆச்சோ என்று நெஞ்சு படபடக்கும். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவன் என்ற நினைப்பு வேறு.

மிஷனரி திரும்பி வந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டார்கள்? பதிலை வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் வங்காளம் வந்தார், முதல் வங்காள விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1800 டிசம்பர் ஆகிவிட்டது. அமெரிக்க மிஷனரி ஜட்சன் பர்மாவில் முதல் விசுவாசிக்காக ஆறு வருடம் காத்திருந்தார் என்றெல்லாம். என் சின்னக் கணக்கை மறைக்கப் பெரியவர்களைத் துணைக்கு இழுக்கும் திட்டம். ஆனால் நம் சபை மூப்பர் ஐயா கேட்டது வேறு. "தம்பி, ராத்திரி தூக்கம் வருதா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாசலில் நின்றபடியே அழுதுவிட்டேன். ஐயா, அந்தக் கேள்விக்கு நன்றி.

போதகர் ஐயா ஆறு மாதத்துக்கு என்னைப் பிரசங்க பீடத்தில் ஏறவிடவில்லை. கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார். முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் ஒரு மாலையில் எலியா தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசினார். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்திருந்தவரைத் தூதன் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். "அதுவும் ரெண்டு தடவை கொடுத்தான், பாத்தீங்களா?" என்றார் போதகர். அந்த ரெண்டு தடவையில்தான் எனக்கு மூச்சு வந்தது.

என் மனைவி பேச்சுக்கு நடுவே பணித்தளத்து மொழிச் சொற்களைக் கலந்துவிட்டுச் சட்டென நிறுத்திக்கொள்வாள். பெண்கள் ஐக்கியத்தில் ஓர் அக்கா மட்டும், "நிறுத்தாதம்மா, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். இப்போது இருவரும் அந்த மொழியில்தான் நலம் விசாரித்துக்கொள்கிறார்கள். அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, உச்சரிப்பு படுமோசம். எங்களுக்கு அந்த மொழியைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். அவருக்கும், காய்ச்சலில் கிடந்த என்னை ஜீப்பில் போட்டு இரவெல்லாம் ஓட்டிய சகோதரருக்கும், விட்டுவந்த வேலையை ஒரு குறையும் சொல்லாமல் எடுத்துக்கொண்ட உடன் ஊழியருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஒரு நோட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. உடம்பு முடியாமல் படுத்திருக்கும் நம் ஜெபக்குழு அம்மாவைப் பார்க்கப் போனபோது, தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். என் ஒன்பது வருட விண்ணப்பங்களும் தேதி போட்டு வரிசையாக இருந்தன. 'வெள்ளம் வடிய வேண்டும்.' டிக். 'மொழி ஆசிரியருக்கு என்மேல் உள்ள வருத்தம் தீர வேண்டும்.' டிக். பாதிக்கு மேல் நானே மறந்து போனவை. போன வருடக் கடிதம் ஒன்றில், 'கர்த்தரின் கிருபையால் எல்லாரும் நலம்' என்று எழுதியிருந்தேன். அதன் எதிரே பென்சிலில் நடுங்கிய எழுத்து: 'பிள்ளை சோர்ந்திருக்கிறான்.'

சுரங்கத்துக்குள் நான் இறங்குகிறேன், மேலே நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று இந்தியாவுக்குப் புறப்படுமுன் கேரி நண்பர்களிடம் கேட்டதாகச் சொல்வார்கள். கூட்டங்களில் நானும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பிடித்த கையைப் பார்த்தது அன்றுதான்.

பிலிப்பியர் நிருபமும் ஒருவகையில் நன்றிக் கடிதம்தானே. பிலிப்பி சபையார் தனக்கு உதவ அனுப்பியிருந்த, வியாதிப்பட்டுச் சாகக் கிடந்த எப்பாப்பிரோதீத்துவைத் திருப்பி அனுப்பும் பவுல், அவனைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார். நீங்கள் எங்களை அப்படித்தான் ஏற்றுக்கொண்டீர்கள்.

சந்தோஷம் எப்போது திரும்பியது என்று கேட்டால், போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையில் என்று சொல்வேன். கடைசி வரிசையில்தான் இருந்தேன். பக்கத்திலிருந்த ஒரு சிறுமி என்னைத் திரும்பித் திரும்பி முறைத்தாள். ஏன் என்று புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, நான் பாடிக்கொண்டிருந்தேன், அதுவும் தாளம் தப்பி, தொண்டை கிழிய. பாட்டு முடிந்ததும் அவள் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவளுக்கும் நன்றி. பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

உங்கள் சகோதரன்