மண்ணுக்குப் புகை போடச் சொன்னவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் தங்கள் விவசாயப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். நாற்று நடுவதற்கு முன் மண்ணுக்கு இரசாயனப் புகையூட்டினால் வேர்முடிச்சுப் புழு ஒழியும் என்று எழுதியவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "கரையோர விவசாயிகள் அறியாமையால் தயங்குகிறார்கள்" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

மட்டக்களப்பின் களுதாவளைப் பக்கத்தில் 38 வருடமாகக் கத்தரியும் மிளகாயும் செய்கிறவன் நான். வேர்முடிச்சை எனக்குப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. மதியத்தில் செடி தலை தொங்கும், மாலையில் நிமிரும். பிடுங்கினால் வேர் முழுக்க மணி கோத்துக் கிடக்கும். தயங்கவும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், மலைநாட்டில் தேயிலை நாற்றுமேடைக்குப் பாவித்ததில் மிஞ்சியது என்று உறவுக்காரர் ஒருவர் வெள்ளைக் குருணை கொஞ்சம் கொண்டுவந்து தந்தார். குழந்தைப் பால்மாப் பேணியில் இருந்தது. பேணியில் சிரிக்கிற குழந்தை இருந்தது, மருந்தின் பெயர் இல்லை.

தூவி, கொத்தி, தண்ணீர் தெளித்து, பொலித்தீனால் மூடினேன். ஒரு வாரத்தில் திறந்தபோது அரைத்த கடுகை மூக்கில் திணித்தது போல ஒரு காரம். கண்ணைத் திறக்க முடியவில்லை. மனைவி இரண்டு நாள் இருமினாள். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டு மறுநாளே 400 கத்தரி நாற்று நட்டேன். நான்காம் நாள் ஒன்றுகூட மிச்சமில்லை.

பிறகுதான் ஒரு விவசாயப் போதனாசிரியர் விளக்கினார். ஈர மண்ணில் அந்தக் குருணை வாயுவாக மாறுமாம். மண்ணைக் கிளறிவிட்டு, அந்த வாயு முழுவதும் வெளியேறும்வரை கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். அதன்பிறகும் அந்த மண்ணைப் போத்தலில் போட்டு, சீக்கிரம் முளைக்கும் விதை ஏதாவது அதில் முளைக்கிறதா என்று பார்த்துத்தான் நட வேண்டுமாம். தங்கள் கட்டுரையாளரின் முக்கால் பக்கத்தில் இதற்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லை. மெதைல் புரோமைட்டு என்ற புகையூட்டும் வாயுவுக்கு மட்டும் புகழ்மாலை இருக்கிறது. ஓசோன் படையைக் கெடுக்கிறது என்று மொன்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் எங்களைப் போன்ற நாடுகளும் 2015 உடன் அதை மண்ணுக்குப் பாவிப்பதை நிறுத்த வேண்டியிருந்தது தாங்கள் அறியாததல்ல. அவருக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.

எங்களுடையது தேயிலை மலை அல்ல, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல். மாரியில் கிணற்றுத் தண்ணீரைக் குனிந்தே அள்ளலாம். அதைத்தான் பயிருக்கும் இறைக்கிறோம், நாங்களும் குடிக்கிறோம். மேல் மண்ணில் புழு செத்தாலும் ஆழத்தில் கிடப்பது மறுபடி ஏறி வரும். மண்புழுதான் திரும்பி வர நாள் எடுக்கும்.

2021 மே மாதம் அரசாங்கம் இரவோடிரவாக இரசாயன உரமும் மருந்தும் வேண்டாம் என்று தடை போட்டது. தாங்களும் சேதனப் பசளையின் மகிமையைத் தொடராக வெளியிட்டீர்கள். நவம்பரில் தடை நீங்கியது, தொடரும் நின்றது. அந்த வருடம் என் தோட்டம் பட்ட பாட்டைப் பற்றி நான் எழுதிய கடிதம் இன்னும் தங்கள் மேசையில்தான் இருக்கிறது போலும். எங்கள் ஊர்ப் பெயர் தங்கள் பத்திரிகையில் வருவது வெள்ளத்துக்கு மட்டும். அதுவும் முழங்காலளவு தண்ணீரில் நிற்கும் பெரிய மனிதர் ஒருவரின் படத்துக்குக் கீழே.

என் தகப்பனார் நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பார். விவசாயத் திணைக்களத்தார் சொல்வதும் அதைத்தான். இல்லாவிட்டால், நனைத்த மண்ணை ஒளி புகும் பொலித்தீனால் மூடி வெயிலில் காய விடச் சொல்கிறார்கள். ஆனி, ஆடி வெயிலை எங்களுக்கு யாரும் பேணியில் கொண்டுவந்து தர வேண்டியதில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அதே பக்கத்தில் மூன்று வரி போடுங்கள்: எத்தனை நாள் மூட வேண்டும், எத்தனை நாள் திறந்து விட வேண்டும், பெயர் ஒட்டாத பேணியை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. இடம் போதாவிட்டால் இராசிபலனில் ஒரு இராசியைக் குறைத்துக்கொள்ளலாம். என்னுடையதையே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அறியாமையுள்ள ஒரு மரக்கறித் தோட்டக்காரன்,
களுதாவளை.